செட்டியார் பொம்மைக்குள் நாய்த் தீனி

நவராத்திரிக்கு முதல் நாள், பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கிப் பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். மளிகைக்கடைச் செட்டியாரைத் தூக்கினேன். உள்ளே கலகலவென்று சத்தம். காகிதக்கூழ் பொம்மை அது. வயிற்றுக்குள் காற்றைத் தவிர ஒன்றும் இருக்க நியாயமில்லை. கவிழ்த்துப் பார்த்தால், அடியில் ஒட்டியிருந்த அட்டையின் ஓரம் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அரிக்கப்பட்டிருந்தது. உலுக்க உலுக்க அந்த ஓட்டை வழியாக எங்கள் நாய் செவலையின் தீனி உதிர்ந்தது. பழுப்பு நிற உருண்டைகள். எண்ணிப் பார்த்தேன், 47.

"செட்டியார் கடைக்குச் சரக்கு வந்து இறங்கியிருக்கு" என்றாள் அம்மா.

செவலை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உதிர்ந்ததில் நாலைந்தை மோந்து பார்த்துவிட்டுத் தின்னாமல் நகர்ந்துவிட்டாள். பழைய சரக்கு போலிருக்கிறது.

எங்கள் வீடு கும்பகோணத்தின் ஓரத்தில், ஓட்டு வீடு. நடுவில் முற்றம், கொல்லைப்புறத்தைத் தாண்டினால் வயல். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வயலில் இருக்கிற சின்ன ஜீவன்களெல்லாம் காய்ந்த இடம் தேடி வீட்டுப் பக்கம் வரும். இது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் பரண் வரைக்கும் ஏறி, பொம்மைக்குள் கிடங்கு போடும் அளவுக்கு எலி குடித்தனம் நடத்தியது இதுதான் முதல் தடவை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, அதற்குச் செட்டியாரின் வயிறு கிடைத்திருக்கிறது.

"வீட்டுல நாய் இருக்கு, எலி எப்படி வருது?" என்று கேட்காத ஆள் கிடையாது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து வரும் வரை. கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். செவலையின் அலுமினியத் தட்டு விளிம்பில் ஒரு சுண்டெலி உட்கார்ந்து, ஓர் உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சோளக்கதிரைத் திருப்பித் திருப்பிக் கடிப்பது போலக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளிச் செவலை. முகவாயைத் தரையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். விருந்தாளி வந்திருக்கிறார் என்று சொல்வது போல.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எலி பிடிப்பதற்கென்றே பல தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்ட நாய்கள் உண்டு. டெரியர் வகைகள் பலவும் அப்படி வந்தவைதான். செவலை தெருவில் மழையில் நனைந்துகொண்டிருந்த குட்டியாக வந்தவள், 14 கிலோ நாட்டு நாய். காக்காயைத் துரத்துவாள், பால்காரரைத் துரத்துவாள். எலிக்கு அவளிடம் ஒரு தகராறும் இல்லை. ஒரே ஒரு முறை முற்றத்தில் எதையோ கவ்வினாள். கவ்விய வேகத்தில் துப்பிவிட்டு, மிதியடியில் வாயைத் தேய் தேய் என்று தேய்த்தாள். போய்ப் பார்த்தால் மூஞ்சூறு. அதன் உடம்பில் வருகிற கஸ்தூரி நாற்றத்துக்கு எந்த நாயும் இரண்டாம் முறை வாய் வைக்காது. மூஞ்சூறு எலி இனமே இல்லை, பிள்ளையார் படத்தில் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறோம். அது கரப்பான் தின்கிற பிராணி. அதைப் பார்த்துவிட்டு எலிப் பொறி வைத்து ஒரு பயனும் இல்லை.

ஆகவே முதலில் யார் வந்திருப்பது என்று பார்க்க வேண்டும். புழுக்கையைப் பார்த்தால் தெரிந்துவிடும். சுண்டெலியுடையது சீரகத்தைவிடக் கொஞ்சம் தடித்து, முனை கூர்ந்திருக்கும். வீட்டெலியுடையது அரை அங்குல நீளத்துக்குக் கிட்டத்தட்ட வரும். எங்கள் வீட்டில் இருந்தது சீரகம். அதுவும் அடுப்படியில் குறைவு, செவலையின் தீனி மூட்டை இருந்த சாமான் அறையில்தான் அதிகம்.

அங்கேதான் எனக்கு உறைத்தது. 10 கிலோ தீனி மூட்டையை வாங்கி, வாயை ஒரு கிளிப் போட்டு, சுவரோரம் சாய்த்து வைத்திருந்தேன். ராத்திரி தட்டு நிறையப் போட்டு வைப்பேன், அவள் இஷ்டத்துக்குப் பாதி தின்பாள், மீதி விடியும் வரை கிடக்கும். ஒரு சுண்டெலி ஒரு நாளைக்குத் தின்பது 3 கிராம் இருக்கும், அவ்வளவுதான். செவலை மிச்சம் வைப்பதில் ஒரு பெரிய குடும்பமே பிழைக்கலாம். பிழைத்தது. சுண்டெலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம், ஒரு ஈற்றுக்கு ஐந்து ஆறு குட்டி, அந்தக் குட்டிகள் ஆறு வாரத்தில் தாமே குட்டி போடத் தயார். நாய் இருந்தும் எலி வந்தது என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். நாய் இருந்ததால்தான் வந்திருக்கிறது.

இது உறைத்தவுடன் மூட்டையை மூடியிருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது. நான் செய்தது வேறு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்.

முதலில் இணையத்தில் ஒரு கருவி வாங்கினேன். சுவர் பிளக்கில் செருகினால் மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி எலியை விரட்டுமாம். நம் காதுக்குக் கேட்காதது நாய்க்குக் கேட்கும் என்பதை வாங்கும்போது யோசிக்கவில்லை. செவலை இரண்டு நாள் அந்த அறைக்குள் வர மறுத்தாள். மூன்றாம் நாள் எலி அந்தக் கருவிக்கு அடியிலேயே புழுக்கை போட்டிருந்தது.

அப்புறம் பசை அட்டை. அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஒரு சுண்டெலி ஒட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கத்தியது. காலையில் அப்பா அதை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவர், வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். அடுத்த நாள் செவலை இன்னோர் அட்டையை முன்னங்காலில் ஒட்டிக்கொண்டு, அதைப் பல்லால் பிடுங்கப் பார்த்து முகவாயிலும் ஒட்டிக்கொண்டாள். தேங்காயெண்ணெயைத் தடவித் தடவிப் பசையை இளக்கி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இழுத்துப் பிய்த்திருந்தால் தோலோடு வந்திருக்கும். இந்திய விலங்குகள் நல வாரியமே இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவுறுத்தியிருக்கிறது என்பதை அதற்கப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவதாக, உரக்கடைக்குப் போனேன்.

நீலப் பச்சை நிறத்தில் சின்னச் சின்னக் கட்டிகள், பார்க்க பிஸ்கட் மாதிரி இருக்கும். உறையில் புரோமாடையலோன் 0.005 சதவீதம் என்று போட்டிருந்தது. 100 கிராமுக்கு 5 மில்லிகிராம்தானே என்று எனக்கு ஒரு தைரியம். பரண் மேல் வைத்தேன். நாய் பரணில் ஏறாது. அதுவரைக்கும் என் கணக்கு சரி. ஆனால் தீனி உருண்டையைக் கீழேயிருந்து மேலே கொண்டு போகத் தெரிந்த எலிக்கு, விஷக் கட்டியை மேலேயிருந்து கீழே கொண்டு வரத் தெரியாதா? 47 உருண்டையை என் கையாலேயே எண்ணியவள் நான். அப்படியும் யோசிக்கவில்லை.

நான்காம் நாள் காலை ஆறரை மணிக்கு, மாடிப்படிக்கு அடியில் செவலை எதையோ மென்றுகொண்டிருந்தாள். வாயைப் பிளந்தால் நாக்கெல்லாம் நீலம்.

பக்கத்து வீட்டிலிருந்து வந்தவர் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அம்மா டம்ளரில் கலக்கவே ஆரம்பித்துவிட்டாள். நான் அதற்குள் டாக்டரைத் தொலைபேசியில் பிடித்திருந்தேன். "உப்புத் தண்ணி குடுக்காதீங்கம்மா, அதுவே விஷமாயிடும். ஒண்ணும் குடுக்க வேணாம். மருந்து உறையை எடுத்துக்கிட்டு உடனே கிளம்பி வாங்க" என்றார். அந்த உறையை நான் குப்பையில் போடாமல் வைத்திருந்தது மட்டும்தான் அந்த வாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அங்கே போனதும் அவர் முதலில் கேட்டது நாயின் எடை, தின்ற நேரம், உறை. உறையைப் படித்த பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. கடையில் கிடைக்கும் எலி மருந்தெல்லாம் ஒன்றில்லை. கறுப்புப் பொடியாக வருகிற துத்தநாக பாஸ்பைடு என்றால், வயிற்றிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் வாயுவாக மாறும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. வாந்தி எடுத்தால் அந்த வாயு பக்கத்தில் நிற்கிறவர்களுக்கே ஆபத்து, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை இன்னும் மோசம், ஈரலைத் தின்றுவிடும். மனித உயிர்கள் போய்ப் போய்த்தான் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது. செவலை தின்றது இரத்தம் உறையவிடாமல் செய்கிற வகை. அதற்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே-1.

முதலில் வாந்தி எடுக்க வைக்க ஊசி போட்டார்கள். பத்து நிமிஷத்தில் நீல வாந்தி. பிறகு கரித்தூள் கரைசல். செவலையின் வெள்ளை மார்பு ஒரு வாரத்துக்குக் கறுப்பாகவே இருந்தது.

"இப்ப நல்லாத்தானே டாக்டர் இருக்கா?" என்று கேட்டேன். துள்ளிக்கொண்டுதான் இருந்தாள்.

"இப்ப நல்லாத்தான் இருக்கும்மா. மூணு நாள், அஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரியும். அதுக்குள்ள ஏற்கனவே ரத்தத்துல இருக்கற உறையற பொருளெல்லாம் தீர்ந்து போயிடும். அப்புறம் சின்ன இடி பட்டாலும் உள்ளேயே கசியும். நல்லா இருக்குன்னு நெனச்சு வீட்டுலயே வெச்சிருந்து, அஞ்சாம் நாள் தூக்கிட்டு வர்றவங்கதான் அதிகம்."

ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒரு பரிசோதனை எழுதினார். அதுவரை பேசாமல் நின்ற அப்பா, "அது பி.டி., ஐ.என்.ஆர். தானே டாக்டர்?" என்றார்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா சார். உங்களுக்கு எப்படி…?"

"எனக்கு மாசாமாசம் எடுக்கறாங்க."

அப்பாவுக்கு இதயத்தில் உலோக வால்வு. அதில் இரத்தம் கட்டிவிடக் கூடாதென்று பதினோரு வருஷமாக வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரையும் நான் பரணில் வைத்த கட்டியும் ஒரே குடும்பம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். டாக்டர் சொன்னதைக் கேட்டு வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் மாடுகள் காரணமில்லாமல் இரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. பூசணம் பிடித்த ஒருவகைத் தீவனப்பயிர்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். 1933இல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, பனிப்புயலில் வண்டி ஓட்டிக்கொண்டு, செத்த பசுவையும் ஒரு பால் கேன் நிறைய உறையாத இரத்தத்தையும் பல்கலைக்கழகத்துக்கே கொண்டுபோனார். அங்கிருந்த வேதியியலாளர் கார்ல் பால் லிங்க் குழுவினர் சில வருஷம் உழைத்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாகத்தான் முதலில் விற்பனைக்கு வந்தது, மனிதர்களுக்கான மருந்தாக ஆனது 1954இல். அடுத்த வருஷமே மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதைக் கொடுத்தார்கள். எலிகள் நாளடைவில் அதற்குப் பழகிக்கொண்டதால், அதைவிடக் கடுமையான அடுத்த தலைமுறை மருந்துகள் வந்தன. புரோமாடையலோன் அதில் ஒன்று. அப்பாவின் மாத்திரையை நிறுத்தினால் நாலைந்து நாளில் அதன் வேலை ஓய்ந்துவிடும். இது அப்படியில்லை, ஈரலில் போய் வாரக்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் செவலைக்கு நாலு வாரம் மருந்து.

"கே-1தான் வேணும், கே-3 குடுத்தாங்கன்னா வாங்காதீங்க, இதுக்கு அது வேலை செய்யாது" என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார். முதல் இரண்டு மருந்துக்கடையில் 'வைட்டமின் கே' என்று நீட்டியது அந்த கே-3ஐத்தான். மூன்றாவது கடையில் கிடைத்தது. கொஞ்சம் கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடம்பில் ஏறும் என்பதால் அம்மா தினமும் ஒரு ஸ்பூன் நெய் சாதத்தில் பொதிந்து ஊட்டினாள். அதே நேரத்தில் அப்பா தன் மாத்திரையைப் போட்டுக்கொள்வார். கீரையில் வைட்டமின் கே அதிகம், அது அவருடைய மாத்திரைக்கு எதிராக வேலை செய்யும் என்பதால், ஒரு நாள் அள்ளிச் சாப்பிடுவதும் ஒரு நாள் விடுவதுமாக இருக்கக் கூடாது, அளவு மாறவே கூடாது என்று அவருக்குக் கட்டுப்பாடு.

"எனக்கு ஒரு கரண்டிக் கீரைக்கு மேல கெடையாது. இவளுக்குக் கீரைச் சத்தையே மாத்திரையாக்கி, நெய் விட்டு ஊட்டறே" என்பார் அப்பா. தினமும் சொல்வார். நாலு வாரமும் அம்மா பதில் சொல்லவில்லை.

அந்த நாலு வாரத்தில்தான், முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன்.

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க முட்டி போட்டுத் தவழ்ந்தேன். பென்சில் நுழைகிற இடத்தில் சுண்டெலி நுழையும் என்பது கணக்கு. ஆறேழு மில்லிமீட்டர் போதும், மண்டை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். பழைய வீட்டில் பென்சில் நுழையாத இடத்தைத்தான் தேட வேண்டும் போலிருந்தது. கொல்லைக் கதவுக்கு அடியில், ஒரு முனையில் என் கட்டைவிரலே போயிற்று. முற்றத்துத் தண்ணீர் போகிற தூம்பு வாயில் பழைய சல்லடை துருப்பிடித்துப் பாதி காணோம். கேஸ் குழாய் சுவரில் நுழையும் இடத்தைச் சுற்றி ஓர் ஓட்டை, அதன் விளிம்பு எண்ணெய் தடவியது போலக் கறுத்து வழவழவென்றிருந்தது. தினமும் போய்வந்து உடம்பு உரசிய அழுக்கு. அந்த ஓட்டையைப் பார்த்தபோது, சந்தில் ஒரு வீட்டு வாசலைப் பார்ப்பது போல இருந்தது.

பாத்திரம் தேய்க்கிற எவர்சில்வர் ஸ்க்ரப்பரை, சாதா இரும்பு நாரை அல்ல, அது துருப்பிடித்துக் கொட்டிவிடும், இறுக்கி ஓட்டைக்குள் திணித்து மேலே சிமெண்டு பூசினேன். வெறும் சிமெண்டை ஈரத்தோடேயே தோண்டிவிடும், துணியையும் தெர்மோகோலையும் கூடு கட்ட எடுத்துக்கொள்ளும். இந்தக் கம்பிச் சுருளைக் கடிக்க மட்டும் அதற்குப் பிடிக்காது. தூம்புக்குப் பென்சில் நுழையாத சின்னக் கண்ணுள்ள எவர்சில்வர் வலை. கதவடியில் தச்சரை விட்டு அலுமினியத் தகடு அடித்தாயிற்று. மொத்தச் செலவு, ஒரு மாதத் தீனி மூட்டையின் விலைகூட இல்லை.

தீனி மூட்டை, பாட்டி காலத்து முறுக்கு டின்னுக்குள் போயிற்று. மூடியைத் திறக்க எனக்கே கரண்டிக் காம்பு வேண்டும். செவலைக்கு ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு, எட்டரைக்குத் தட்டு கழுவிக் கவிழ்த்தாகிவிடும். முதல் வாரம் என்னைக் கொடுமைக்காரி போலப் பார்த்தாள். இரண்டாம் வாரம் எட்டு மணிக்குச் சரியாக வந்து டின்னைத் தட்ட ஆரம்பித்தாள்.

புழுக்கையைப் பெருக்குவதைப் பற்றி ஒன்று. காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துணியால் வழித்து எடுக்க வேண்டும். செவலை முற்றத்துத் தேங்கிய தண்ணீரை நக்குகிறவள் என்பதால் எனக்கு எலிக்காய்ச்சல் பயமும் இருந்தது. எலியின் சிறுநீரில் வருகிற கிருமி அது. நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். வருஷா வருஷம் போடுகிற கூட்டுத் தடுப்பூசியில் அதற்கும் சேர்த்துத்தான் இருக்கிறது. சீட்டை எடுத்துப் பார்த்தால், போன வருஷம் தவறவிட்டிருந்தோம். கே-1 முடிந்ததும் முதல் வேலையாகப் போட்டுக்கொண்டு வந்தேன்.

வழியெல்லாம் அடைத்த பிறகு உள்ளே மாட்டிக்கொண்டவை மிச்சம். திருவையாற்றுப் பக்கத்திலிருந்து மாமா வந்திருந்தார். "நாலு கிட்டி கொண்டாந்து வெச்சா ஒரே ராத்திரியில தீந்துடும்" என்றார். வயலில் வைக்கிற எலிக்கிட்டி, மூங்கிலை வில்லாக வளைத்து நாண் கட்டியது, விசை தட்டினால் எலியின் கழுத்து நெரியும். செவலையின் மூக்கு அதற்குள் போனால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு வேண்டாம் என்றேன். மரப்பொறி போதும், உயிரோடு பிடிக்கிற பெட்டி.

பொறி என்றால் மசால் வடைதானே? அம்மா சுட ஆயத்தமாகிவிட்டாள். ஆனால் வெங்காயம் நாய்க்கு ஆகாது, இரத்தச் சிவப்பணுவைச் சிதைக்கும். ஏற்கனவே இரத்தத்தில் பிரச்சினையோடு இருக்கிற நாய் அந்த வடையைப் பொறிக்கு வெளியிலிருந்தே உறிஞ்சி எடுத்துவிடும். சுட்ட தேங்காய்ச் சில்லு வைத்தேன். இரண்டு ராத்திரி சீண்டவில்லை. மூன்றாம் ராத்திரி செவலையின் தீனி உருண்டை ஒன்றைக் கொக்கியில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். பத்து நிமிஷத்தில் டப்.

பழகின சாப்பாட்டை விட்டுவிட்டு எலி எதற்குத் தேங்காய்க்குப் போகும்?

பன்னிரண்டு நாளில் ஒன்பது. அப்பா காலை நடையின்போது பொறியைப் பைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு அரசலாற்றங்கரைக்குப் போவார். பக்கத்தில் விட்டால் திரும்பி வந்துவிடும். தெரியாத இடத்தில் விட்டால் காக்கையும் கீரியும் விடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். "பொழைக்கிறது பொழைக்கட்டும்" என்பார். பசை அட்டைக்கு அப்புறம் அவர் கையால் எதையும் கொல்லத் தயாராக இல்லை.

கடைசி மாத்திரை முடிந்து 48 மணி நேரம் கழித்துச் செவலைக்கு இரத்தம் எடுத்தார்கள். நார்மல். அதே வாரம் அப்பாவுக்கு ஐ.என்.ஆர். 2.8, அவருக்கு அது சரியான அளவு. இரண்டு சீட்டையும் அம்மா ஒரே கிளிப்பில் மாட்டிக் காலண்டருக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி பதினொன்று. செவலை குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற இடுக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். குரைக்கவில்லை. வால் மட்டும் மெதுவாக ஆடுகிறது, தெரிந்தவர்கள் வந்தால் ஆடுவது போல.

பென்சிலை எங்கே வைத்தேன் என்று தேட வேண்டும்.